சரிந்ததா, சரித்தோமா?

தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேர்வெழுதி மறந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். ஒரு மெய்யெழுத்து இரட்டிப்பதிலும் மெல்லினம் வல்லினமாவதிலும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடுகிற மொழி நம்முடையது. அப்படிப்பட்ட மொழியில் எழுதுகிறவர்கள், பனிமலையில் மனிதர்கள் இறந்துபோகும்போது மட்டும் ஏன் எப்போதும் தன்வினையிலேயே எழுதுகிறார்கள் என்பது என்னை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி. "பனி சரிந்தது. இத்தனை பேர் பலி." கூடவே, பழகிப்போன அந்த அலங்காரம்: இயற்கையின் சீற்றம். கொஞ்சம் இலக்கியப் பழக்கம் உள்ளவராக இருந்தால் இயற்கையின் கோரத்தாண்டவம், இன்னும் கொஞ்சம் தத்துவப் பழக்கமும் சேர்ந்துவிட்டால் "மலை தன் காணிக்கையை எடுத்துக்கொண்டது."

மலை எதையும் எடுத்துக்கொள்வதில்லை. மலைக்குச் சீற்றமும் இல்லை, கருணையும் இல்லை. பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: மலையேறிகளும் சறுக்குவீரர்களும் உயிரிழக்கும் சரிவுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதைக் கிளப்பிவிட்டவர் இறந்தவரே, அல்லது அவருடைய குழுவில் ஒருவர். பனி சரியவில்லை, சரிக்கப்பட்டது. இந்த ஒற்றை இலக்கண வேறுபாட்டை ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் மலைகளைப் பற்றிய நம் எழுத்தின் அடிப்படைப் பொய் என்பது என் வாதம். பொய் என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

*

முதலில் ஒரு வேலியைக் கட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாதம் தடம்புரளும்.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல் முகாமின்மேல் பனி விழுந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் புதையுண்டார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட், 11ஆம் தேதி தில்லியில் இறந்தார். அந்தப் பத்துப் பேரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் இறந்த 16 நேபாளத் தொழிலாளர்களும் அப்படியே. பிறருடைய கனவுக்காகக் கயிறும் ஏணியும் சுமந்து போனவர்கள் அவர்கள். 1999 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே புதைந்தவர்களும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

நான் பேசப்போவது இவர்களைப் பற்றி அன்று. விடுமுறை நாளில், சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில், சறுக்கு மைதானங்களின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் எவரும் பராமரிக்காத மலைச்சரிவுகளுக்குள் போகிற என்னைப் போன்றவர்களைப் பற்றி. சியாச்சின் வீரனுக்கும் எனக்கும் ஒரே சொல்லை, "இயற்கைச் சீற்றத்துக்குப் பலியானவர்" என்ற ஒரே பட்டத்தை, வழங்குவது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. அவனுக்கு இல்லாத ஒன்று எனக்கு இருந்தது: திரும்பிப் போகும் உரிமை.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 4ஆம் தேதி சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையில், 15ஆம் மைல் அருகே பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தார்கள். நண்பகலை ஒட்டிய நேரம். அனுமதிச் சீட்டு 13ஆம் மைல் வரைதான் என்றும், அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்றும் அதிகாரிகள் சொன்னதாக அன்றே செய்தி வந்தது. அந்தப் பனியை அவர்கள் சரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பிறவினை இருக்கிறது. அவர்கள் அந்தச் சரிவின் அடியில் நின்றார்களா, நிறுத்தப்பட்டார்களா? ஏப்ரல் மாத நண்பகலில், பனி ஏறிய செங்குத்தான சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, "இறங்கிப் பனியில் விளையாடுங்கள்" என்று சொல்லும் ஏற்பாட்டில் எத்தனை பேருடைய கை இருக்கிறது? "சீற்றம்" என்று எழுதிய மறுகணமே இந்தக் கேள்விகள் யாவும் காணாமற்போய்விடுகின்றன. அந்தச் சொல்லின் பயனே அதுதான்.

*

பனியைப் பற்றி நமக்குச் சொல்வளம் குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் திணைப் பாகுபாட்டில் உறைபனிக்கு இடமில்லை. முன்பனி, பின்பனி என்று நாம் சொல்லும்போது மனதில் வருவது புல்நுனியில் துளி, மார்கழி விடியலில் புகைபோல் எழும் ஈரம். அந்த ஒரே சொல்லைத்தான் ஆலங்கட்டிக்கு அப்பாலுள்ள எல்லாவற்றுக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறோம். விழுகிற பனி, விழுந்து இறுகிய பனி, உருகி மறுபடி உறைந்த பனி, பாறையைப் பற்றிக்கொண்ட பனிக்கட்டி, எல்லாம் பனி. இதனால் என்ன கெட்டது என்றால், எல்லாப் பனியும் ஒன்றே என்ற எண்ணம் சொல்லோடு சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

மலைமேல் கிடப்பது ஒரே பொருளன்று. அடுக்கடுக்கான ஒரு சுவடிக்கட்டு. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் ஏடு. நான் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் கொலராடோவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மெல்லிய பனி விழுகிறது. பிறகு வாரக்கணக்கில் தெளிந்த, கடுங்குளிரான இரவுகள். அடியில் நிலம் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில். மேலே காற்று அதைவிட மிகக் குளிர்ச்சியாக. இந்த வேறுபாட்டால் பனிக்குள் நீராவி கீழிருந்து மேலேறி, படிகங்களைக் கோணல்மாணலாக, ஒன்றோடொன்று ஒட்டாதவையாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் அஸ்காச் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழிந்துவிடும். சர்க்கரைப் பனி என்றே இங்கே அழைக்கிறார்கள். இந்த உதிரித் தளத்தின்மேல்தான் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை விழும் பனியெல்லாம் இறுகிப் பாளமாக ஏறி அமர்கிறது. ஒரு சறுக்குவீரரின் எடை அந்தத் தளத்தை ஓரிடத்தில் நொறுக்கினால் போதும். நொறுங்கல் பக்கவாட்டில் பாய்ந்து பரவ, பாளம் முழுதும் ஒரே கணத்தில் கழன்றுவிடும். பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையான சாய்வில் நிகழ்கின்றன; அதாவது, சறுக்குவதற்கு மிகவும் இன்பமான சாய்வில்.

இளவேனிலில் கதை மாறுகிறது. மாறுகிறதே ஒழிய முடிந்துவிடுவதில்லை. வெயில் ஏற ஏற மேற்பரப்பு உருகி நீர் கீழே கசிகிறது. படிகங்களை இணைத்திருந்த பனிப்பிணைப்புகள் கரைகின்றன. இரவு தெளிவாக இருந்தால் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி எறிந்து மறுபடி உறைகிறது. விடியலில் அது தார்ச்சாலைபோல் உறுதியாக இருக்கும். அந்த உறுதிக்கு ஒரு காலக்கெடு உண்டு. கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் தளரும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. எனவே இளவேனில் பயணத்தின் விதி மிகவும் எளிது: இருட்டில் கிளம்பு, உறைந்ததில் ஏறு, மேற்பரப்பு ஓர் அங்குலம் இளகும்போது இறங்கு, கணுக்காலுக்குமேல் கால் புதையத் தொடங்குமுன் சரிவைவிட்டு வெளியேறு.

இரவில் மேகம் கவிந்திருந்தால் இந்தக் கணக்கு முழுதும் பொய்த்துவிடும். மேகம் போர்வைபோல் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, பனி உறைவதில்லை. வெப்பமானி என்ன சொன்னாலும் காலடியில் இருப்பது நேற்று மாலையின் ஈரப்பனிதான். மழை பெய்தால் இன்னும் மோசம். பாலைநிலத்திலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டும் செம்புழுதி மேற்பரப்பில் படிந்திருந்தால், வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொண்டு, உருகலை வேகப்படுத்தும். கொலராடோவில் வசந்தந்தோறும் காணும் காட்சி இது. முகட்டு விளிம்பில் காற்று கட்டிய பனித் தாழ்வாரங்கள் பிற்பகலில் முறிந்து விழும்.

இவற்றில் எதுவும் இரகசியமன்று. சரிவில் தாமாக உருண்டோடும் பனி உருண்டைகள், புதையும் கால், பாறைகளைச் சுற்றிக் கசியும் நீர் என எல்லாம் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கவிதையின் ஒற்றைக் காற்புள்ளிக்கு அரைப்பக்கம் எழுதத் தெரிந்த நம்மவர்கள், இந்த எழுத்தைப் படிப்பதை மட்டும் "தொழில்நுட்ப விவரம்" என்று ஒதுக்கிவிட்டு, வெண்மையின் மௌனத்தைப் பற்றி எழுதப் போய்விடுகிறார்கள். அந்த வெண்மை மௌனமாக இல்லை, ஐயா. நீங்கள்தாம் கேட்கவில்லை.

*

"படித்தவர்களும் சாகிறார்களே?" என்று ஒருவர் மறுக்கலாம். சாகிறார்கள். என் வாதத்தின் வலுவான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

2013 ஏப்ரல் 20ஆம் தேதி, டென்வருக்கு மேற்கே லவ்லண்ட் கணவாய்க்கு அருகில், ஷீப் க்ரீக் என்ற ஓடைப்பள்ளத்தில் ஆறு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஐவர் இறந்தார்கள். 1962க்குப் பிறகு கொலராடோவில் அதிக உயிர்களைக் குடித்த சரிவு அது. அன்று அவர்கள் அங்கே கூடியிருந்ததே, எல்லைக்கு அப்பாலான மலைகளில் பாதுகாப்பாகப் பயணிப்பதை வளர்ப்பதற்கான ஒரு கூடுகைக்காகத்தான். அவர்கள் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படித்திருந்தார்கள். வடக்கு நோக்கிய சரிவுகளில் ஆழத்தில் புதைந்த பலவீனத் தளம் பற்றி அது எச்சரித்திருந்தது. அந்தக் குறிப்பிட்ட சரிவு ஆபத்தானது என்பதைப் பேசியும் இருந்தார்கள். அதனால்தான் அதன்மீது ஏறாமல், அடிவாரத்துச் சமநிலத்தைக் குறுக்காகக் கடந்து, எதிரே பாதுகாப்பான ஓரிடத்துக்குப் போய்விட நினைத்தார்கள். இடைவெளி விட்டும் நடந்தார்கள். அந்த இடைவெளி போதவில்லை. அடிவாரத்தில் அவர்கள் வைத்த கால், மேலே இருந்த பாளத்தைக் கழற்றிவிட்டது. நாள்காட்டியில் ஏப்ரல், ஆனால் அவர்கள்மீது வந்து விழுந்தது நவம்பர் மாதச் சர்க்கரைப் பனிமேல் உட்கார்ந்திருந்த குளிர்காலம் முழுவதும். ஒருவர் மட்டும் பகுதி புதைந்த நிலையில், மீட்பவர்கள் வரும்வரை சில மணி நேரம் அசைய முடியாமல் காத்திருந்து பிழைத்தார்.

அவர்களிடம் கருவிகள் இருந்தன, அறிவு இருந்தது, எச்சரிக்கை இருந்தது. இல்லாமற்போனது என்ன?

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து சொன்ன விடை இங்கே பொருந்தும். மனிதர்கள் மலையில் முடிவெடுப்பது பனியைப் பார்த்தன்று; குறுக்குவழிகளைக் கொண்டு. இது பழகிய இடம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கூட வந்தவர்கள் மதிக்க வேண்டும், தலைவருக்குத் தெரியாததா, அதோ ஏற்கெனவே தடங்கள் இருக்கின்றன, நாம் போகாவிட்டால் வேறு யாராவது முதலில் போய்விடுவார்கள். அன்றாட வாழ்வில் நம்மைக் காப்பாற்றும் அதே குறுக்குவழிகள்தாம் மலையில் கொல்கின்றன. பயிற்சி பெற்றவர்களும் இந்தக் கண்ணிகளுக்குத் தப்பவில்லை என்பதுதான் அவருடைய முடிவுகளில் எனக்கு மிகவும் கசந்தது.

இன்னொன்று. உலகின் பெரும்பாலான பனிச்சரிவு அறிக்கைகள் ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்கின்றன. ஐந்தில் மூன்று என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? நடுத்தரம். பரீட்சையில் அறுபது சதவீதம். ஆனால் அந்த அளவுகோல் சீரான படிக்கட்டன்று. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பன்மடங்காகிறது. உயிரிழப்புகளில் மிகப் பெரும் பங்கு நடப்பது அந்த மூன்றில்தான். நான்கிலும் ஐந்திலும் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். மூன்று என்பது பனியைவிட நம் மனத்தைச் சோதிக்கும் எண்.

*

இவ்வளவு பேசுகிற நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் கடைசியில் ஐந்து பேர் ஒரு தென்கிழக்குச் சரிவுக்குப் போனோம். அதிகாலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்குவது என்று பேச்சு. ஒருவர் தாமதமாக வந்தார், இன்னொருவருக்குக் காப்பி வேண்டியிருந்தது. கிளம்பும்போது எட்டேகால். முந்தைய இரவு நான் இரண்டு முறை எழுந்து சன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். ஒரு நட்சத்திரமும் இல்லை. வானம் மூடியிருந்தது என்றால் பனி உறையவில்லை என்று எனக்குத் தெரியும். வண்டி நிறுத்துமிடத்திலேயே கால் புதைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்களை அழைத்துப்போனவர் இருபது ஆண்டுகளாக அந்த மலைக்கு வருபவர். நான் குழுவில் மிகவும் புதியவன். கறுத்த தோலும் வேறு உச்சரிப்பும் உடைய ஒரே ஆள். "பயந்த இந்தியன்" என்ற பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான். என் வாயை அடைத்தது அந்த அற்பக் காரணம்.

இறங்கும்போது நண்பகல் கடந்துவிட்டது. எனக்கு முன்னால் போன பெண்மணி இரண்டாவது திருப்பத்தில் திரும்பியபோது அவர் காலடியிலிருந்து பனி விசிறிபோல் விரிந்து கிளம்பியது. பெரிய வேகமொன்றும் இல்லை. குழைத்த சிமெண்டுக் கலவை வழிவதுபோல, அவசரமில்லாமல், நிறுத்த முடியாமல். அவரை ஏறத்தாழ நூறடி இழுத்துப்போய் ஒரு பாறைத்திட்டின் ஓரத்தில் விட்டது. இடுப்புவரை புதைந்திருந்தார். நாங்கள் கையாலேயே தோண்ட முயன்று முடியாமல், மண்வாரி கொண்டு வெட்டியெடுத்தோம். ஓடி நின்ற ஈரப்பனி அவ்வளவு இறுகிவிடுகிறது. முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. பாறைத்திட்டுக்கு அப்பால் அறுபதடிப் பள்ளம்.

திரும்பி வரும் வழியில் வண்டியில் ஒருவர் சொன்னார்: "இன்றைக்கு மலை நம்மை மன்னித்துவிட்டது." எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். எட்டேகால் மணிக்குக் கிளம்பியது மலையா? வானத்தைப் பார்த்துவிட்டு வாய்மூடி இருந்தது மலையா? அந்த ஒரு வாக்கியம் எங்கள் ஐவரையும் விடுதலை செய்துவிட்டது. தாமதித்தவர், காப்பி கேட்டவர், தலைவர், நான், யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பெண்மணிக்கு நான் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறேன். "இயற்கையின் சீற்றம்" என்ற சொற்றொடரின்மீது எனக்கு இருக்கும் கோபம் இலக்கியக் கோபம் மட்டுமன்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

*

எதிர்ப்புகள் மூன்றைக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும்.

முதலாவது: ஆபத்து இல்லாத மலை மலையா? அறிக்கையும் கடிகாரமும் கையில் வைத்துக்கொண்டு போனால் அனுபவம் என்ன மிஞ்சும்? இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மலைக்குப் போகாதவர்கள். போனவர்களைப் பற்றிப் படித்தவர்கள். ஆபத்தை ஒழிக்க முடியாது, யாரும் ஒழிக்கச் சொல்லவுமில்லை. அறிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குத்தான் துணிவு என்று பெயர். அறியாமல் நடந்து கடந்ததற்குப் பெயர் துணிவன்று, தற்செயல். விடியலுக்கு முன் எழுந்து, உறைந்த பனியில் இரும்பு முட்கள் கிறீச்சிட ஏறி, கிழக்கே வெளுக்கும்போது முகட்டில் நின்று, "இன்று இதற்குமேல் வேண்டாம்" என்று திரும்புகிறவனுக்கு அனுபவம் குறைவு என்று யார் சொன்னது? யாப்பு தெரிந்தவனுக்குக் கவிதை வராது என்ற வாதத்தின் இன்னொரு வடிவம்தான் இது.

இரண்டாவது: இறந்தவர்மீது பழி போடுவது அறமா? இது மதிக்கத்தக்க எதிர்ப்பு. துக்க வீட்டு வாசலில் நின்று இறந்தவனின் தவறுகளைப் பட்டியலிடுகிறவனை நானும் வெறுப்பேன். ஆனால் பழியும் பொறுப்பும் ஒன்றல்ல. 2020 மார்ச் 25 அன்று, கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு மேலிருந்த சரிவில் பனிப்பலகையில் சறுக்கிய இருவர் ஒரு பெரும் சரிவைக் கிளப்பினார்கள். அது கீழே இருந்த சேவைச் சாலையை மூடி, சரிவுகளைக் கட்டுப்படுத்த நிறுவப்பட்டிருந்த ஒரு கருவியையும் உடைத்தது. யாருக்கும் காயமில்லை. அவர்கள் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்கு தொடுக்கப்பட்டது. தலைக்கவசத்தில் பொருத்தியிருந்த கேமராவின் காட்சியை அவர்களே முன்வந்து மாநிலப் பனிச்சரிவு மையத்திடம் கொடுத்திருந்தார்கள். அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. இதை அந்த மையமே விரும்பவில்லை. உண்மையைச் சொன்னவன் தண்டிக்கப்பட்டால் நாளை யார் உண்மையைச் சொல்வார்கள் என்பது அதன் அச்சம். நியாயமான அச்சம். "கீழே சாலையில் போகிறவனுக்கு யார் பதில் சொல்வது?" என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே. இந்த இரண்டு நியாயங்களுக்கும் இடையில் நின்று தீர யோசிப்பதற்குப் பெயர்தான் பொறுப்பு. "சீற்றம்" என்று சொல்லிவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. விபத்துகளை விவரமாக, வன்மமில்லாமல், பிறவினையில் எழுதி எல்லோரும் படிக்க வெளியிடும் வழக்கம் அங்கே நிலைத்திருக்கிறது. ஷீப் க்ரீக்கைப் பற்றி நமக்குத் தெரிவதும் அதனால்தான். அந்த அறிக்கைகள் இறந்தவர்களை இழிவுபடுத்தவில்லை. அவர்களுடைய கடைசிக் காலைப்பொழுதை வீணாகாமல் காத்துவைத்திருக்கின்றன.

மூன்றாவது: இதெல்லாம் தமிழ் வாசகருக்கு எதற்கு? சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் இமாலயப் பனிக்குள் நடக்கப்போகும் இளைஞர் கூட்டத்தைக் கேளுங்கள். அவர்கள் திரும்பி வந்து எழுதும் பயணக் கட்டுரைகளைப் படியுங்கள். கூடாரம், மேகி நூடுல்ஸ், நட்சத்திரங்கள், தன்னைத் தான் கண்டடைதல் எல்லாம் இருக்கும். அந்தச் சரிவு எத்தனை பாகை, முந்தைய இரவு உறைந்ததா, எத்தனை மணிக்குக் கடந்தார்கள், மேலே என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்ற நான்கு வரிகள் இருக்கா. நம் நாட்டில் பனிச்சரிவை ஆராய 1969இலேயே மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது வேறொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் இன்றும் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. தங்களை அழைத்துப்போகும் வழிகாட்டியிடம், "இன்றைய எச்சரிக்கை என்ன?" என்று கேட்ட நண்பர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

*

என் கோரிக்கை பெரிதன்று. பனிக்குள் போகிறவர்களிடம் சில, அதைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒன்று.

போகிறவர்களே, முந்தைய இரவு வானம் தெளிந்திருந்ததா என்று பாருங்கள். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே, உற்சாகம் தலைக்கேறுமுன் முடிவுசெய்யுங்கள். 30 பாகைக்குக் குறைந்த சாய்வும் பாதுகாப்பென்று நம்புமுன், அதன் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐயமுள்ள சரிவை ஒருவர் பின் ஒருவராக மட்டும் கடந்து, மற்றவர்கள் சரிவு எட்டாத இடத்தில் நின்று கண்காணியுங்கள். ஒவ்வொருவரிடமும் பீக்கன், நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கட்டும். புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியானால் மூன்றில் ஒருவர். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. உங்களைக் காப்பாற்றப்போவது உங்கள் நண்பர் மட்டுமே. அந்தக் கருவிகள் புதைந்தபின் தேட உதவுபவை என்பதையும், புதையாமலிருக்க உதவுவது முடிவு ஒன்றே என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவில் மிகவும் புதியவர், மிகவும் கூச்சமுள்ளவர், "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால், காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். அவர் அதைச் சொல்லும்படி கிளம்புமுன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்ட ஒருவன் எழுதும் கட்டுரை இது.

எழுதுகிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. வினைமுற்றைச் சரியாகப் போடுங்கள். பனி சரிந்திருந்தால் சரிந்தது என்று எழுதுங்கள். நாம் சரித்திருந்தால் சரித்தோம் என்று எழுதுங்கள்.